தீவில் ஒரு சர்வர் அறை

அந்தமான் தீவுகளில் சில காலமேனும் வாழ்ந்த தமிழருக்கு ஃபீனிக்ஸ் பே என்னும் இடத்தை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கிய நகரம் 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஸ்ரீ விஜய புரம் என்னும் புதுப்பெயர் பெற்றது. அந்நகரத்தின் துறைமுகப் பகுதிகளுள் ஒன்றே ஃபீனிக்ஸ் பே. தீவுக்குத் தீவு ஓடும் படகுகளும் சிறு கப்பல்களும் அங்குள்ள துறையிலிருந்து புறப்படுகின்றன. கப்பல்களைப் பழுது பார்க்கும் தளமும் அங்கே உண்டு. பயணச்சீட்டுப் பெறுவோரின் நீண்ட வரிசையும் அங்கேதான் நிற்கும்.

அந்த வரிசையில் நிற்பவர்களை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். கார் நிகோபாரிலிருந்து ஜி. பி. பந்த் மருத்துவமனைக்கு வந்து, சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் முதியவர் ஒருவர். ஹட் பே பள்ளியில் பணியேற்கச் செல்லும் ஆசிரியை ஒருவர். தங்கை திருமணத்துக்குள் சென்னை போய்ச் சேர வேண்டுமே என்று கவலையோடு நிற்கும் நம்மவர் குடும்பம் ஒன்று. நிலப்பகுதியில் ஒரு பேருந்து தவறினால் அடுத்த பேருந்து உண்டு. தீவிலோ ஒரு கப்பல் தவறினால் அடுத்தது சில நாட்களுக்குப் பிறகே வரலாம். இந்நிலையில், சாளரத்தின் பின்னே அமர்ந்திருக்கும் எழுத்தர், "சிஸ்டம் வேலை செய்யவில்லை, பிறகு வாருங்கள்" என்று சொன்னால் அவ்வரிசையில் நிற்போர் உள்ளம் என்ன பாடுபடும்! அந்த ஒரு வாக்கியத்தின் ஆயுளைச் சில மணி நேரத்துக்குள் அடக்குவது எப்படி என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயவிருக்கும் பொருள்.

எழுத்தரின் முன்னே உள்ள திரை வெறும் சாளரமே. எந்தக் கப்பலில் எத்தனை இடம் எஞ்சியுள்ளது, யார் பெயருக்கு எந்தப் படுக்கை ஒதுக்கப்பட்டது என்னும் விவரங்கள் யாவும் வேறோர் அறையில் இரவும் பகலும் ஓயாது இயங்கும் கணினிகளில் இருக்கின்றன. அவற்றுக்கே சர்வர் என்று பெயர். சர்வர் என்றவுடன் உணவு விடுதியில் இலை போட்டுப் பரிமாறுபவரை நினைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. 1964-இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தைப் பார்த்த தலைமுறைக்கு வேறு நினைவே வராது. அந்நினைவில் பிழையுமில்லை. பல மேசைகளிலிருந்து வரும் வேண்டுகோள்களை ஏற்று, கேட்டவர்க்குக் கேட்டதைக் கொணர்ந்து கொடுப்பதே இவ்விருவர் தொழிலும்.

ஆனால் கடையிலிருந்து வந்திறங்கும் சர்வர் வெறும் உலோகப் பெட்டியே. அதற்கு நினைவகம் உண்டு, வட்டு உண்டு, கணக்கிடும் ஆற்றல் உண்டு. அவற்றை ஆளும் அறிவு இல்லை. எந்த வேலைக்கு எவ்வளவு நினைவகத்தை ஒதுக்குவது, எந்தக் கோப்பை வட்டின் எப்பகுதியில் எழுதுவது, யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது என்று தீர்மானிக்கும் அடிப்படை மென்பொருளே இயக்க அமைப்பு. அதை முதலில் நிறுவினால்தான் பயணச்சீட்டு மென்பொருளோ சம்பளப் பட்டியல் மென்பொருளோ அதன் மேல் இயங்கும். தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் நம் இளைஞர் பலர் இத்தொழிலில் ஈடுபட்டிருக்கிறார்கள். அவர்கள் இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பும்போது, என்ன வேலை செய்துவிட்டு வருகிறார்கள் என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்வதற்கும் இக்கட்டுரை ஓரளவு பயன்படலாம்.

கையால் நிறுவும் முறை

ஒரு சர்வரில் இயக்க அமைப்பை நிறுவுவது தனியாக நோக்கினால் கடினமான வேலையன்று. பென் டிரைவைச் செருகி விசையைத் தட்டினால், நிறுவும் மென்பொருள் வரிசையாகக் கேள்விகளைக் கேட்கும். எம்மொழி வேண்டும்? எந்த நேர மண்டலம்? வட்டை எத்தனைப் பகுதிகளாகப் பிரிப்பது? வலையமைப்பில் இதன் முகவரி என்ன? நிர்வாகியின் கடவுச்சொல் யாது? எந்த மென்பொருள்களைச் சேர்ப்பது? இவற்றுக்கு விடையளித்துக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் சர்வர் எழுந்து நிற்கும்.

பத்து சர்வர்களைப் பத்து நாட்களில், மூவர் மாறி மாறி நிறுவும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. ஒருவர் வட்டை இரண்டாகப் பிரிப்பார். மற்றொருவர் ஐந்தாகப் பிரிப்பார். ஒருவர் வேண்டாத மென்பொருள்களையும் சேர்த்து நிறுவிவிடுவார். நேர மண்டலத்தையே எடுத்துக்கொள்வோம். சில நிறுவும் மென்பொருள்கள் உலக வரைபடத்தைக் காட்டி, இருக்கும் இடத்தைத் தொடுமாறு கேட்கின்றன. அந்தமானிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் 1300 கிலோமீட்டருக்கு மேல். யாங்கோன் என்று இன்று வழங்கும் ரங்கூனோ ஏறத்தாழ அதில் பாதித் தொலைவே. அவசரத்தில் வரைபடத்தைத் தொடுபவர் ரங்கூன் நேரத்தைத் தேர்ந்துவிடக் கூடும். அது இந்திய நேரத்தைவிடச் சரியாக ஒரு மணி முந்தியது. பத்தில் ஒரு சர்வர் மட்டும் ஒரு மணி முந்தி ஓடினால், காலை ஒன்பது மணிக்குப் பதிவான சீட்டு பத்து மணிக்குப் பதிவானதாகக் குறிக்கப்படும். யார் முந்தி வந்தார் என்னும் வழக்கு எழுந்தால் கணினியே பொய்ச்சாட்சி சொல்லும்.

இதனினும் பெரிய தொல்லை ஒன்று உண்டு. கையால் நிறுவியவர் அளித்த விடைகள் அவர் தலைக்குள் மட்டுமே இருக்கின்றன. நாம் முன்பு பணிபுரிந்த அலுவலகம் ஒன்றில் சர்வர் ஒன்று செயலிழந்தது. அதை நிறுவியவர் மாற்றலாகிப் பெருநிலப் பகுதிக்குச் சென்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தொலைபேசியில் அழைத்தபோது அவர் அன்போடு உதவினார். நினைவிலிருந்த வரையில் எல்லாம் சொன்னார். ஆயினும் ஓர் அமைப்பு மட்டும் அவருக்கே மறந்துபோயிருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒன்பது நாட்கள் ஆயின. அவ்வொன்பது நாட்களும் காகிதமும் பேனாவுமே அலுவலகத்தை நடத்தின. ஒருவரையும் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அறிவு ஒருவரிடம் இருந்தது, அலுவலகத்திடம் இல்லை. நோயின் வேர் அதுவே.

முதலில் திட்டம்

இந்நோய்க்கு மருந்து தானியங்கி முறை என்று பலர் உடனே சொல்லிவிடுவர். அதற்கு முன்னே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதுவே திட்டமிடல். மாற்றலுக்கு உள்ளாகும் உத்தியோகத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு இது புதிதன்று. தில்லியிலிருந்து அந்தமானுக்கு மாற்றல் வந்தால், அனுபவமுள்ள இல்லத்தரசி பெட்டியைத் திறப்பதற்கு முன் பட்டியலைத்தான் எழுதுவார். எது அவசியம், எது அங்கேயே கிடைக்கும், எது முதல் நாளே கைக்கு எட்ட வேண்டும் என்று பிரித்து எழுதியபின்தான் கட்டத் தொடங்குவார். சர்வர் அறைக்கும் அதுவே முறை.

முதற்படி கணக்கெடுப்பு. எத்தனை சர்வர்கள் உள்ளன, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது, எது நின்றால் எது நிற்கும், அதற்குப் பொறுப்பாளர் யார் என்று ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். இதைச் செய்யத் தொடங்கும்போதே, யாருக்கும் தெரியாமல் மேசையடியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினி ஒன்று அகப்படுவதுண்டு. பெரும்பாலும் மிக முக்கியமான வேலையை அதுவே செய்துகொண்டிருக்கும்!

இரண்டாவது, எந்த இயக்க அமைப்பு என்னும் தேர்வு. விலையை மட்டும் பார்த்தால் போதாது. அதன் ஆயுளையும் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இயக்க அமைப்புக்கும் அதை உருவாக்கியவர்கள் பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கும் காலம் ஒன்று உண்டு. அக்காலம் கடந்தபின் ஓடும் சர்வர், பூட்டுப் பழுதான வீடு போன்றது. விண்டோஸ் சர்வர் 2012-க்கு வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-இல் முடிந்தது. சென்ட்ஓஎஸ் என்னும் இலவச லினக்ஸின் எட்டாம் பதிப்பு 2029 வரை நீடிக்கும் என்று நம்பிப் பலர் அதனை நிறுவினர். 2020 டிசம்பரில், அது 2021 டிசம்பர் 31-உடன் முடிவுறும் என்ற அறிவிப்பு வந்தது. எழுதி வைத்த திட்டம் இருந்தவர்கள் வேறொன்றுக்கு மாறினர், இல்லாதவர்கள் திகைத்தனர். நம் நாட்டிலேயே உருவான இயக்க அமைப்பும் உண்டு. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' என்பது தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளிப்பது. எதைத் தேர்ந்தாலும், தேர்ந்த அன்றே அது முடியும் நாளையும் பதிவேட்டில் எழுதி வைப்பது அறிவுடைமை.

மூன்றாவது, ஒரு பொது அளவை வகுத்தல். மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நமக்கு இது நன்கு விளங்கும். ஓர் ஆவணத்தை நால்வர் பகிர்ந்து மொழிபெயர்க்கும்போது, கலைச்சொற் பட்டியல் ஒன்றை முன்னரே உடன்பட்டு எழுதிக்கொள்ளாவிடில், ஒரே சொல் நான்கு பக்கங்களில் நான்கு வேடம் போடும். அதுபோல, வட்டுப் பிரிவு இப்படி, நேரம் இந்திய நேரம், தேவையற்ற மென்பொருள் கூடாது, நிர்வாகிகள் இன்னின்னார் என்று ஒரு முறை முடிவு செய்து எழுதிவிட வேண்டும். சர்வர்களுக்குப் பெயரிடுவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஊர்ப்பெயரை ஒட்டிப் பெயரிட்டால், ஊரின் பெயரே மாறும்போது குழப்பம் நேரும். 2024-இல் அந்நகரத்தில் அதுவே நிகழ்ந்தது. செய்யும் வேலையை ஒட்டிப் பெயரிட்டால் அது நிலைக்கும். ஊர்ப்பெயர் தேவைப்படும் இடங்களில் அதை ஒரே ஒரு கோப்பில் எழுதி, மற்றவை அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் செய்தால், ஓரிடத்தில் திருத்தினால் போதும், எங்கும் திருந்திவிடும்.

நான்காவது, மூலப்பொருளை அருகில் வைத்துக்கொள்ளுதல். தீவுக்கு இது தலையாயது. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் இடப்பட்ட ஒளியிழைக் கம்பி, தீவுகளுக்கிடையேயான கிளைகளும் உட்பட ஏறத்தாழ 2300 கிலோமீட்டர் நீளமுள்ளது. 2020 ஆகஸ்ட் 10-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் இத்தீவுகள் வெளியுலகத் தொடர்புக்குச் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. அக்காலத்து நிலையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். நிறுவுவதற்கான கோப்புகளின் அளவு 5 கிகாபைட் என்றும், ஓர் அலுவலகத்துக்குக் கிடைத்த இணைப்பு நொடிக்கு 2 மெகாபிட் என்றும் கொள்வோம். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் ஆதலால், ஒரு சர்வருக்கு 20,000 நொடிகள், அதாவது ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்து சர்வர்களும் தனித்தனியே இறக்கினால் 55 மணிக்கு மேல் ஆகும். சென்னையிலிருந்து கப்பல் வந்து சேரும் காலத்துக்கு இது ஏறத்தாழ ஈடு! ஒரே ஒரு முறை இறக்கி, அலுவலகத்துக்குள்ளேயே ஒரு கிடங்கில் வைத்துக்கொண்டால், உள் வலையமைப்பில் நொடிக்கு 1000 மெகாபிட் வேகத்தில் ஒரு சர்வருக்கான கோப்புகள் கணக்குப்படி 40 நொடிகளில் போய்ச் சேரும். கடலடிக் கம்பி வந்துவிட்ட பின்னும் இக்கிடங்கை நீக்கிவிடக் கூடாது. கம்பியும் அறுபடக் கூடியதே. அறுபடும் நாளிலேயே சர்வரும் விழக் கூடும்.

தானே எழுந்து நிற்கும் சர்வர்

திட்டம் எழுதி முடிந்தபின் தானியங்கி முறை எளிதாகிவிடுகிறது. நிறுவும் மென்பொருள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை எல்லாம் முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைப்பதே அதன் உயிர்நிலை. இதை விடைக்கோப்பு எனலாம். ரெட் ஹேட் வகை லினக்ஸில் இதற்குக் கிக்ஸ்டார்ட் என்றும், டெபியன் வகையில் பிரிசீட் என்றும் பெயர். விண்டோஸிலும் இவ்வகைக் கோப்பு உண்டு. எழுதிய விடை என்றும் மாறாது. ரங்கூன் நேரம் என்னும் பிழைக்கு அங்கே இடமில்லை.

பென் டிரைவைக் கூடச் செருகாமல், வலையமைப்பின் வழியாகவே இதைச் செய்யலாம். அது நிகழும் விதம் சுவையானது. முன்பின் அறியாத ஊரில் கப்பலை விட்டு இறங்கும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். வட்டில் ஒன்றுமில்லாத புதிய சர்வருக்கு மின்சாரம் கொடுத்தவுடன், அது வலையமைப்பில் உள்ள அனைவரும் கேட்குமாறு, "நான் புதியவன், என் முகவரி என்ன?" என்று குரல் கொடுக்கும். அதற்கென அமைந்த ஒரு சேவை, "இது உன் முகவரி; இன்ன இடத்தில் இன்ன கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்" என்று பதில் சொல்லும். சர்வர் அங்கே சென்று முதலில் ஒரு சிறு நிரலைப் பெறும். அச்சிறு நிரல் நிறுவும் மென்பொருளைக் கொணரும். அது விடைக்கோப்பைப் படித்து, வட்டைப் பிரித்து, கிடங்கிலிருந்து கோப்புகளை எடுத்து நிறுவி, தானே மறுபடி தொடங்கி எழுந்து நிற்கும். துறையில் வழி கேட்டு, வழிகாட்டியைப் பெற்று, வீடு சேர்ந்து, மூட்டையை அவிழ்ப்பது போலவே ஒவ்வொரு படியும் நிகழ்கிறது.

இம்முறை ஒரே நாளில் தோன்றியதன்று. வட்டே இல்லாத கணினிகள் வலையமைப்பிலிருந்து தம் முகவரியைக் கேட்டறியும் பூட்பி என்னும் நெறிமுறை 1985-இல் வகுக்கப்பட்டது. அதன் வழித்தோன்றலாக 1993-இல் டி.ஹெச்.சி.பி. வந்தது. நம் வீட்டுக் கைப்பேசி வைஃபையில் இணையும்போது முகவரி பெறுவதும் இதன் வழியேதான். வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளும் ஒரே விதமாக வலையமைப்பிலிருந்து தொடங்குவதற்கான பி.எக்ஸ்.இ. என்னும் பொதுமுறையை இன்டெல் நிறுவனம் 1990-களின் இறுதியில் வெளியிட்டது. இயக்க அமைப்பு நின்றபின், அதன் மேல் வேண்டிய மென்பொருள்களையும் அமைப்புகளையும் பொருத்துவதற்கு, 2012-இல் தோன்றிய ஆன்சிபிள் போன்ற கருவிகள் உள்ளன. வேண்டிய நிலையை ஒரு கோப்பில் எழுதினால், சர்வர் அந்நிலையில் இருக்கிறதா என்று சரிபார்த்து, இல்லாததை மட்டும் அவை செய்துவைக்கும்.

வேறொரு வழியும் உண்டு. ஒரு சர்வரைச் செம்மையாக நிறுவி, அதன் வட்டை அப்படியே படியெடுத்து மற்றவற்றில் பதிப்பது அது. இவ்வழி விரைவானது, ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு கணினிக்கும் தனித்த அடையாள எண்ணும் தனித்த ரகசியச் சாவிகளும் உண்டு. படியெடுக்கும் முன் அவற்றை நீக்காவிட்டால், ஒரே குடும்ப அட்டை எண்ணோடு பத்து வீடுகள் நிற்பது போலாகும். யார் யார் என்று வலையமைப்புக்குத் தெரியாது. விண்டோஸில் இந்த அடையாளங்களைக் களைவதற்கென்றே சிஸ்பிரெப் என்னும் கருவி உள்ளது. மேலும், படியெடுத்த வட்டினுள் என்ன இருக்கிறது என்பது காலப்போக்கில் எவருக்கும் தெரியாமற் போகும். விடைக்கோப்பையோ எவரும் திறந்து படிக்கலாம். யார், என்று, எதற்காக மாற்றினார் என்று குறித்தும் வைக்கலாம். அதில் கடவுச்சொல்லை மட்டும் வெளிப்படையாக எழுதி வைக்கலாகாது.

கோலக் குழலின் துளை

வாசலில் கையால் கோலமிடும்போது ஒரு புள்ளி தவறினால் அந்தக் கோலத்தோடு போயிற்று. துளையிட்ட கோலக் குழலை உருட்டினாலோ, ஒரு துளை தவறான இடத்தில் இருந்தால், உருட்டிய இடமெல்லாம் அதே பிழை விழும். தானியங்கி முறையின் ஆபத்தும் இதுவே. மனிதன் ஒரு நாளில் ஒரு சர்வரைக் கெடுப்பான். எந்திரம் ஒரு மணியில் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்திலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் 2014 மே மாதத்தில் இப்படி ஒன்று நிகழ்ந்தது. விண்டோஸ் 7 இயக்க அமைப்பை நிறுவுமாறு இடப்பட்ட கட்டளை, தவறுதலாக வலையமைப்பில் உள்ள விண்டோஸ் கணினிகள் அனைத்துக்கும் சென்றது. வட்டை அழித்துப் புதிதாகப் பிரிப்பதே அக்கட்டளையின் முதல் வேலை. மேசைக் கணினிகளும் மடிக்கணினிகளும் சர்வர்களும் அழியத் தொடங்கின. பிழையை உணர்ந்து, கட்டளை அனுப்பிய சர்வரை நிறுத்தப் போனபோது, அந்தச் சர்வரே தன்னை அழித்துக்கொண்டிருந்தது! பத்து ஆண்டுகளுக்குப் பின், 2024 ஜூலை 19-இல், கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான கோப்பு ஒன்று ஒரே நேரத்தில் உலகெங்கும் அனுப்பப்பட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று பயணிகளுக்குக் கையால் எழுதிய நுழைவுச் சீட்டுகள் வழங்கப்பட்டன.

ஆகவே தானியங்கி முறைக்குச் சில வேலிகள் வேண்டும். முதல் வேலி: வலையமைப்பிலிருந்து தொடங்கும் சர்வருக்கு, வேறு கட்டளை இல்லாவிடில், "உன் வட்டிலிருந்தே தொடங்கு" என்பதே இயல்பான விடையாக இருக்க வேண்டும், "அழித்து நிறுவு" என்பது ஒருபோதும் இயல்பான விடையாகக் கூடாது. இரண்டாவது: நிறுவுவதற்கென்று அனுமதிக்கப்பட்ட சர்வர்களின் பட்டியலை எழுதி, பட்டியலில் இல்லாதவற்றுக்குப் பதிலே சொல்லாமலிருக்கச் செய்தல். மூன்றாவது: நிறுவும் வலையமைப்பை அன்றாட வேலைகள் நடக்கும் வலையமைப்பினின்றும் பிரித்து வைத்தல். நான்காவது: முதலில் வேலையில் இல்லாத ஒரு சர்வரில் சோதித்து, பிறகு இரண்டு மூன்றில் நிறுவி, ஒரு நாள் பொறுத்திருந்து பார்த்து, அதன் பின்னரே மற்றவற்றுக்குச் செல்லுதல். அவசரம் எவ்வளவு இருப்பினும் இந்தப் பொறுமையைக் கைவிடலாகாது.

மீளாதது எது?

இங்கே ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. இயக்க அமைப்பை மீண்டும் நிறுவலாம். சர்வரில் இருந்த தரவுகளை நிறுவ முடியாது. இடிந்த வீட்டை வரைபடம் கொண்டு மறுபடி கட்டிவிடலாம்; வீட்டினுள் பெட்டியிலிருந்த பத்திரங்களை வரைபடம் கொண்டுவராது. யார் எந்தக் கப்பலுக்குச் சீட்டு வாங்கினார் என்னும் பதிவு அத்தகையது. அதற்குத் தனியே படியெடுத்து வைக்கும் ஏற்பாடு வேண்டும். எடுத்த படியிலிருந்து தரவு உண்மையிலேயே மீள்கிறதா என்று அவ்வப்போது மீட்டும் பார்க்க வேண்டும்.

அந்தப் படிகளுள் ஒன்று தீவுக்கு வெளியே இருத்தல் இன்றியமையாதது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் நிகோபார் தீவுகளில் விளைத்த அழிவை நாம் மறப்பதற்கில்லை. சர்வரும் அதன் படியும் ஒரே கட்டடத்தில் இருந்தால், ஒரே அலை இரண்டையும் கொண்டு போகும். விடைக்கோப்புகளின் படியும், பதிவேட்டின் படியும் அவ்வாறே வேறிடத்தில் இருக்க வேண்டும். தாளில் அச்சிட்ட ஒரு படி தலைமை அலுவலரின் அலமாரியில் இருப்பினும் நன்றே. மின்சாரமே இல்லாத நாளில் தாள்தான் பேசும்.

ஒத்திகை

எல்லாம் எழுதி, எல்லாம் அமைத்தபின் இறுதியாக எஞ்சுவது ஒத்திகை. கப்பலில் ஏறுவோர்க்கு உயிர்காப்பு உடையை அணியும் விதத்தைக் கற்பிப்பது கப்பல் மூழ்குவதற்கு முன்னரே அன்றோ? ஆண்டுக்கு இரு முறையேனும் ஒரு சர்வரை வேண்டுமென்றே விழுந்ததாகக் கொண்டு, வேறொரு பெட்டியில் அதனை எழுப்பிப் பார்க்க வேண்டும். அதைச் செய்பவர் அம்முறையை வகுத்தவராக இருத்தல் கூடாது. அந்த வேலையை முன்பு செய்திராத ஒருவராக, அண்மையில் மாற்றலாகி வந்தவராக இருப்பது நலம். அவர் எந்த இடத்தில் தயங்கி நின்று, "இதற்கு என்ன செய்வது?" என்று கேட்கிறாரோ, அந்த இடமே எழுதப்படாமல் ஒருவர் தலைக்குள் தங்கிவிட்ட அறிவு. அன்றே அதை எழுதிச் சேர்த்துவிட வேண்டும். எழுப்புவதற்கு எத்தனை மணி ஆயிற்று என்பதையும் குறித்து வைக்க வேண்டும். சென்ற முறை ஆறு மணி, இம்முறை நான்கு மணி என்று குறைந்து வருவதே திட்டம் வெற்றி பெறுகிறது என்பதற்குச் சான்று.

தீவுகளில் பணிபுரிவோர் வருவதும் போவதுமாகவே இருப்பர். ஒருவர் மாற்றலாகிப் போகும்போது பிரிவுபசார விழா நடத்தி, மாலையிட்டு, துறை வரை சென்று வழியனுப்புகிறோம். அவர் போகும் கப்பலில் அலுவலகத்தின் நினைவும் சேர்ந்து போய்விடலாகாது. அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்ட அலுவலகத்தில், காலையில் சர்வர் ஒன்று விழுந்தாலும், பெயர் தெரியாத புதியவர் ஒருவர் பதிவேட்டைப் புரட்டி அதனை எழுப்பிவிடுவார். வரிசையில் நிற்கும் கார் நிகோபார் முதியவர் சற்றே காத்திருக்க நேரிடலாம். ஆனால் கப்பல் புறப்படும் முன் அவர் கையில் சீட்டு இருக்கும்.